ஹெலிக்குக் கீழே இருந்தவர்கள்

(அஜக்ஸ் நகரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரித்தானியத் தரைப்படையின் ஒரு ஹெலிகொப்டர் அணியைப் பற்றி, தமிழர் நிறைந்த ஒரு மண்டபத்தில் எதற்காகப் பேச வேண்டும் என்று விழாக்குழுவில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த அணி மலாயாவில் எங்கள் மக்களின் தலைக்கு மேலே பறந்திருக்கிறது. அது சார்ந்த படைப்பிரிவில் பறந்து பழகிய ஒருவர் பின்னாளில் கூலிக்கு அமர்த்தப்பட்டு இலங்கைக்கு வந்து, எங்கள் கிராமங்களின் மேலும் பறந்தார். மேலே இருந்தவர்கள் தங்கள் பறப்பை நாள்தோறும் குறித்து வைத்தார்கள். பிறகு புத்தகமும் எழுதினார்கள். கீழே இருந்தவர்களின் பதிவு மிகக் குறைவு. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நாம் குடியிருக்கும் அஜக்ஸ், ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கியது. 1939 டிசம்பர் 13 அன்று, தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால், அஜக்ஸ், எக்சிற்றர், அக்கிலிஸ் என்ற மூன்று கப்பல்களும் ஜேர்மனியின் கிராஃப் ஸ்பே என்ற பெரிய கப்பலை எதிர்த்து நின்றன. அந்தச் சண்டையில் அஜக்ஸ் கப்பலிலிருந்து சீஃபொக்ஸ் என்ற சிறிய மிதவை விமானம் ஒன்று ஏவப்பட்டது. தங்கள் பீரங்கிக் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து வானொலியில் சொல்வது அதன் வேலை. 1941-ல் இந்த இடத்தில் குண்டு நிரப்பும் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அந்தக் கப்பலின் பெயர் வைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 4 கோடி எறிகணைகள் இங்கே நிரப்பப்பட்டன. இன்றும் இந்த நகரசபை, அந்தக் கடற்சண்டையில் பங்கெடுத்த மாலுமிகளின் பெயர்களைத் தெருக்களுக்கு வைக்கிறது. நாங்கள் கடைக்குப் போய்வரும் ஹார்வூட் அவெனியூ, அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். தன் வீரர்களைப் பெயர் பெயராக நினைவில் வைத்திருக்கும் ஊர் இது. அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

எறிகணைத் தொழிற்சாலை இங்கே எழுந்த அதே 1941-ல்தான், பிரித்தானியாவில் 651-வது அணி அமைக்கப்பட்டது. பீரங்கிப் படை அதிகாரியே ஒரு சிறு விமானத்தில் ஏறி, மேலே நின்று இலக்கைப் பார்த்து, தன் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்லும் அணி அது. சீஃபொக்ஸ் கடலில் செய்ததை இது தரையில் செய்தது. விமானமும் பராமரிப்பும் வான்படையுடையவை. ஓட்டுபவர் பீரங்கிப் படைக்காரர். இந்த வரிசையில் 1942 டிசம்பர் 31 அன்று பிறந்ததுதான் 656-வது அணி. நான் எடுத்துக்கொண்ட அணி இதுவே. அப்போது அதனிடம் ஹெலி கிடையாது. ஓஸ்ரர் என்று ஒரு சிறிய விமானம். உடம்பு துணி போர்த்தியது, சண்டை ஆயுதம் எதுவும் பொருத்தாதது. அடுத்த ஆண்டு அந்த அணி இந்தியாவுக்கு வந்து, பதினான்காவது இராணுவத்தோடு பர்மாப் போரில் நின்றது. யப்பான் சரணடைந்ததும் மலாயாவுக்குப் போனது.

மலாயாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைமுறையில் வளர்ந்தவர்களுக்கு 'மலாயன் பென்சன்காரர்' என்றால் யார் என்று விளக்கத் தேவையில்லை. ரயில்வேயிலும் தபால் கந்தோரிலும் தோட்டக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்துவிட்டு வந்து, கல்வீடு கட்டி, காலையில் பத்திரிகை படித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்த பெரியவர்கள் அவர்கள். யப்பான்காரன் காலத்துக் கதைகளை அவர்கள் நிறையச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த அவசரகாலத்தைப் பற்றி அவர்களிடமிருந்து நான் கேட்டது மிகக் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து சஞ்சிக்கூலியாகவும் கங்காணி மூலமாகவும் போய், லயத்தில் இருந்து பால்மரம் வெட்டியவர்களுடைய கதை அதிலும் குறைவாகவே எங்களை வந்தடைந்தது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. 1948-லேயே 656-வது அணி மறுபடியும் மலாயாவில் அமைக்கப்பட்டு, அவசரகாலம் முழுவதும் அங்கே நின்றது. தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அடுத்து நின்ற வீரசேனன் அதற்கு முந்திய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனக் குடியானவர்கள், முள்வேலி போட்ட 'புதிய கிராமங்களுக்கு' மாற்றப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்டன. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, வெட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோவதுகூடப் பல இடங்களில் தடுக்கப்பட்டது. விடிகாலையில் பிரட்டில் (பெயர்க் கணக்கெடுப்பில்) நின்று, பட்டினியோடு மரத்துக்குப் போய், வெயில் ஏறத் திரும்பி வந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளும் அவர்களை விட்டுவைக்கவில்லை. தோட்டத்தில் வேலைசெய்ததற்காகவும், காட்டிக் கொடுத்தார்கள் என்ற சந்தேகத்திலும் தொழிலாளர் கொல்லப்பட்டார்கள்.

இவர்களுக்கு மேலே ஓஸ்ரர் விமானங்கள் நாளாந்தம் பறந்தன. ஒரே விமானி ஒரே காட்டுப் பகுதியின் மேல் திரும்பத் திரும்பப் போவார். நேற்று இல்லாத புகை இன்று எழுகிறதா, மரங்களுக்கு நடுவே புதிதாக ஒரு வெட்டைவெளி தெரிகிறதா, காய்கறிப் பாத்தி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பைக் கொண்டு பிறகு காலாட்படை போகும், அல்லது குண்டுவீச்சு விமானம் வரும். மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களும் வானத்திலிருந்து கொட்டப்பட்டன. எங்கள் மொழியில் அச்சிட்ட காகிதம் பால்மரக் காட்டில் வானத்திலிருந்து விழுந்தபோது அதை எடுத்துப் படித்த தொழிலாளி என்ன நினைத்தார் என்பதை அறிய எனக்கு மிகுந்த ஆவல்.

ஹெலி வந்ததும் அங்கேதான். 1950-ல் பிரித்தானிய வான்படை டிராகன்ஃபிளை என்ற சிறு ஹெலிகளைக் கொண்டு, காயப்பட்டவர்களை ஏற்றும் ஒரு சிறு குழுவைச் சிங்கப்பூரில் தொடங்கியது. 1953-ல் அது 194-வது அணியாக வளர்ந்தது. அதே ஆண்டு கடற்படையின் 848-வது அணி பெரிய ஹெலிகளோடு வந்து சேர்ந்தது. நடந்து போனால் பல நாள் எடுக்கும் காட்டுக்குள் படையினரை அது சில நிமிடங்களில் இறக்கியது. காயம் பட்டு, காட்டுக்குள்ளேயே கிடந்து சாக வேண்டியிருந்தவர்களை ஹெலி காப்பாற்றியது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அதே ஹெலிகள், காட்டுக்குள் போராளிகள் வைத்திருந்த பயிர்களின் மேல் இரசாயனம் தெளிக்கவும் பயன்பட்டன. ஒரு குடிமக்கள் கூட்டத்துக்குள் கலந்திருக்கும் ஆயுதக் குழுவை எதிர்க்க வானத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற பாடம் மலாயாவில் எழுதப்பட்டது. நோட்டமிடுவது, திடீரென்று படையை இறக்குவது, காயக்காரரை ஏற்றுவது, உணவை மறிப்பது எல்லாம் அந்தப் பாடத்துக்குள் அடக்கம். பிரித்தானியப் படைக் கல்லூரிகள் அதை வெற்றிப் பாடமாகவே பல பத்தாண்டுகள் கற்பித்தன.

மலாயாவிலிருந்து இன்னொரு ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். பத்தாங் காலி. 1948 டிசம்பரில் அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளரைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றபோது சுட்டோம் என்றது அரசு. இறந்தவர்களின் உறவினர் பல பத்தாண்டுகள் போராடி, லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. விசாரணை நடத்த அரசுக்குக் கடப்பாடு இல்லை என்பதே அதன் முடிவு; காலம் அவ்வளவு கடந்துவிட்டது என்பது முக்கியமான காரணம். அந்த 67 ஆண்டு இடைவெளியை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதற்கு வருகிறேன்.

இனி 656-ன் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1957 செப்டம்பர் 1 அன்று இந்த அணிகளெல்லாம் வான்படையிலிருந்து பிரிந்து, தரைப்படையின் சொந்த விமானப் பிரிவாயின. இங்கிலாந்தின் தெற்கே மிடில் வாலொப் அதன் தலைமையிடமும் பயிற்சிப் பள்ளியும் ஆனது. 60-களில் சூ, ஸ்கௌட் என்ற ஹெலிகள் 656-க்கு வந்தன. போர்னியோவில் இந்தோனேசியாவோடு நடந்த மோதலில் பறந்தது. அதன் பிறகு ஹொங்கொங்கில் இருந்தது. 1982-ல் ஃபோக்லண்ட் போருக்குப் போனது. அண்மைக் காலத்தில் அப்பாச்சி ஹெலிகளோடு ஆப்கானிஸ்தானிலும், 2011-ல் ஓஷன் என்ற கப்பலிலிருந்து லிபியாவிலும் சண்டையிட்டது. ஆப்கானிஸ்தான் பறப்பைப் பற்றி எட் மேசி எழுதிய நூலும், லிபியாவைப் பற்றி வில் லெயிட்லோ எழுதிய நூலும் கடைகளில் கிடைக்கின்றன.

ஃபோக்லண்டில் நடந்த ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். 1982 ஜூன் 6 இரவு 656-ன் கசெல் ஹெலி ஒன்று வீழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். எதிரியின் தாக்குதல் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. தங்கள் சொந்தக் கப்பலான கார்டிஃப் எதிரி விமானம் என்று நினைத்து ஏவிய ஏவுகணையால்தான் அது வீழ்ந்தது என்பதை அரசு ஒப்புக்கொள்ள 1986 ஆனது. தன் நாட்டுக்காக உயிர்விட்ட பிரித்தானியச் சிப்பாயின் தாய்க்கே உண்மையைச் சொல்ல அந்த அரசு நான்கு ஆண்டு எடுத்தது. அந்தக் குடும்பங்கள் விடாமல் கேட்டன. கேட்பதற்கு அவர்களிடம் ஒரு தேதி இருந்தது, ஒரு ஹெலியின் இலக்கம் இருந்தது, நான்கு பெயர்கள் இருந்தன.

இலங்கைக்கு வருவோம். 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, வான்படையிடம் இருந்த ஹெலிகள் மிகக் கொஞ்சம். பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், இந்தியா எனத் தங்களுக்குள் பகைகொண்ட நாடுகள்கூட ஒன்றாக ஓடிவந்து உதவின. கிளர்ச்சி அடங்கியதும் நான்காவது ஹெலி அணியினர் 'ஹெலிரூர்ஸ்' என்ற பெயரில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிக் காசு தேடினார்கள். 1983-ல் போர் மூண்ட பிறகு நிலைமை மாறியது. பெல் 212, பெல் 412 என்ற ஹெலிகள் வாங்கப்பட்டன. பக்கக் கதவுகளில் இயந்திரத் துப்பாக்கிகள் பூட்டப்பட்டன. ஹெலி இருந்தது, ஓட்டப் பயின்றவர்கள் போதவில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியக் கூலிப்படை நிறுவனம் நுழைந்தது. பிரித்தானியச் சிறப்புப் படையின் முன்னாள் அதிகாரிகள் 70-களில் தொடங்கியது அது. நிகரகுவா வரைக்கும் கைநீட்டியது. 1984-ல் இலங்கைக்கு வந்து, கட்டுக்குருந்தையில் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. அதிரடிப் படை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் செய்தது என்ன என்று இந்த மண்டபத்தில் உள்ள கிழக்கு மாகாணத்தவர் யாரையும் கேட்டுக்கொள்ளலாம். பின்னர் ஹெலி ஓட்டுநரையும் அந்த நிறுவனமே கூட்டிவந்தது. அவர்களில் ஒருவர் டிம் ஸ்மித். பிரித்தானியத் தரைப்படையில் ஹெலி ஓட்டியவர். 1986-ல் இலங்கைக்கு வந்தார். 2002-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். விருப்பமில்லாத கூலிப்படையாள் என்று அதற்குத் தலைப்பு.

அந்த நூல் ஓர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுதப்பட்டது. நான் அதைக் குறை சொல்லப் போவதில்லை. பார்த்ததை, செய்ததை, கூட இருந்தவர்களை எழுதி வைத்த மனிதர், எழுதாமல் போன மற்றவர்களைவிட வரலாற்றுக்கு உதவியிருக்கிறார். 2020-ல் இந்த நிறுவனத்தைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட பத்திரிகையாளர் பில் மில்லருக்கும் அது பயன்பட்டது. ஆனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஓர் ஊர் பச்சையாகத்தான் தெரியும். பனங்கூடலுக்குள் ஓடுகிறவர் தன் பசுமாட்டை அவிழ்த்துவிட ஓடுகிறாரா, ஆயுதத்தை எடுக்க ஓடுகிறாரா என்று மேலிருப்பவருக்குத் தெரியாது. கீழே நின்ற அயலவருக்குத் தெரியும்.

1985 அக்டோபர் 2 அன்று கிளிநொச்சிப் பக்கம் பிரமந்தனாறு கிராமத்தில் ஹெலிகளில் வந்திறங்கிய படையினரால் 16 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைப் பதிவுகள் சொல்கின்றன. அன்று வந்தவர்களுக்குள் ஒரு வெள்ளைக்காரரைக் கண்டோம் என்று அந்த ஊரவர் சொன்ன சாட்சியம் மில்லரின் நூலுக்குள் போயிருக்கிறது. ஒரு சின்னக் குடியேற்றக் கிராமத்து மக்கள் தாங்கள் கண்ணால் கண்டதைச் சொல்ல, அதை யாரோ ஒருவர் பொறுப்போடு எழுதி வைத்ததால்தான், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் அது பேசுபொருளானது. 2020-ல் லண்டன் மாநகரக் காவல்துறையின் போர்க்குற்றப் பிரிவு, இலங்கையில் பிரித்தானியக் கூலிப்படையினர் செய்தவை குறித்து விசாரணை தொடங்கியதை உறுதிப்படுத்தியது.

ஆவணங்கள் லண்டனில் பத்திரமாக இருக்கும், ஒருநாள் திறப்பார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். 656-வது அணியின் பறப்புப் பதிவேடுகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உண்மைதான். எந்த நாளில் எந்த விமானம் எங்கே போனது என்று அதில் பார்க்கலாம். ஆனால் பிரித்தானிய வெளியுறவு அமைச்சு, இலங்கையோடு தொடர்பான, 70-களின் கடைசிக் காலத்து ஏறத்தாழ 200 கோப்புகளை அழித்துவிட்டது என்பது 2018-ல் வெளியே வந்தது. பயங்கரவாத எதிர்ப்புக்கு இலங்கை அரசு பிரித்தானியரிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கிய காலம் அது. மலாயா உட்படப் பல குடியேற்ற நாடுகளின் கோப்புகளும் அரசு கைமாறியபோது எரிக்கப்பட்டன. கூலிப்படை நிறுவனத்தின் பதிவுகளோ அரசாங்கக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லாதவை. ஆகவே எங்கள் பக்கத்துச் சாட்சியம் அவர்களுடைய கோப்பைச் சரிபார்க்க மட்டும் உதவும் ஒன்றில்லை. பல சம்பவங்களில் அதுவொன்றே மிஞ்சியிருக்கிறது.

இந்திய இராணுவம் எங்கள் பகுதிகளில் இருந்த காலத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பக்கம் எம்.ஐ.-8 ஹெலிகளில் படையினர் இறக்கப்பட்டார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் இறங்கினார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த இரவைப் பற்றி இந்தியத் தளபதிகள் நூல்கள் எழுதியிருக்கிறார்கள். உயிரிழந்த இளைஞர்களை நினைக்க எனக்கும் வேதனைதான். அதே நாட்களில் பக்கத்துப் பிரம்படி ஒழுங்கையில் கொல்லப்பட்ட பொதுமக்களைப் பற்றியும், அக்டோபர் 27-ல் சாவகச்சேரிச் சந்தையில் ஹெலித் தாக்குதலில் இறந்தவர்களைப் பற்றியும் அந்த நூல்களில் தேடினால் கிடைக்காது. 'முறிந்த பனை'யில் கிடைக்கும். போருக்கு நடுவே, உயிராபத்துக்கு நடுவே, பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர் எழுதிய நூல் அது. 1990-ல் அது வெளிவரும்போது அவர்களில் ஒருவரான ராஜனி திரணகம உயிரோடு இல்லை. எழுதுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை எங்கள் சமூகம் அறியும். இன்று அஜக்ஸில் இருக்கும் எங்களுக்கு அந்த விலை இல்லை.

கனடாவில் இருந்துகொண்டு சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. பெல் 212 முதலில் கனடாப் படைகளின் கேள்விக்காக வளர்க்கப்பட்டது. 1971-லிருந்து இந்நாட்டுப் படை அதை ஓட்டியது. தேடல் மீட்பு வேலைக்கும் பயன்படுத்தியது. இரண்டு இயந்திரங்களை ஒன்றாகப் பூட்டிய அதன் எஞ்சின், மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள பிராற் அன்ட் விற்னி கனடா நிறுவனத்தின் வடிவமைப்பு. 80-களின் கடைசியில் பெல் 212, 412 இரண்டின் உற்பத்தியுமே கியூபெக்கின் மிராபெலுக்கு வந்துவிட்டது. இங்கே உயிர் காத்த அதே வகை இயந்திரத்தின் கதவில் துப்பாக்கி பூட்டினால் அது என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆயுத ஏற்றுமதி பற்றி இந்த நாட்டின் பாராளுமன்றத்தில் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பிரதிநிதிகளிடம் இதைச் சொல்லும் உரிமையும் கடமையும் வாக்காளராகிய எங்களுக்கு உண்டு.

செப்டம்பர் முதல் வாரத்தில் ரொறன்ரோ ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும்போது, எங்கள் வீடுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பிடிக்காமல் யன்னலை மூடிவிட்டு இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் விசாரணையாளரோ வரலாற்று மாணவரோ வந்து கேட்டால், பயத்தை மட்டும் கொடுக்க முடியாது. நாள், நேரம், இடம், திசை, பெயர் என்று கேட்பார்கள். அவற்றை மீட்டெடுக்க வழி இருக்கிறது. அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

ஆங்கிலத் தேதி நினைவில் இல்லை என்று வயதானவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் நல்லூர்க் கொடியேறி விட்டதா, சூரன்போர் முடிந்ததா, வல்லிபுர ஆழ்வார் கடல்தீர்த்தத்துக்கு முன்னா பின்னா, சிறுபோகம் வெட்டியாகிவிட்டதா, மாரி மழை தொடங்கிவிட்டதா, மூத்தவன் ஏ.எல். சோதனை எடுத்த வருடமா என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாங்கத்தை வைத்து நாளைக் கண்டுபிடித்துவிடலாம். இடத்தைக் கேட்கும்போது ஊர்ப் பெயரோடு நிற்காதீர்கள். வளவின் எந்த மூலை, எந்தக் கோயில் கேணிப் பக்கம், எந்த ஒழுங்கை முடக்கு, ஹெலி கடல் பக்கத்திலிருந்து வந்ததா வயல் பக்கத்திலிருந்து வந்ததா என்று கேளுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். பெல் 212-க்கு இரண்டு தகடுதான். தூரத்திலேயே அடித்து அடித்துக் கேட்கும். 412-க்கு நான்கு தகடு, சத்தம் வேறு. இந்திய இராணுவ காலத்தில் வந்த முதலை ஹெலிக்குப் பக்கவாட்டில் குட்டைச் சிறகுகள் இருக்கும், அதில் ரொக்கற்றுகள் தொங்கும். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத கிழவிகூட இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்வார். பங்கருக்குள் இருந்து கேட்டுப் பழகிய காது அது. அந்த ஒரு விவரத்திலிருந்து எந்த அணி வந்தது என்பது வரை போக முடியும்.

கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள். பக்கத்தில் ஆயுத இயக்கத்தின் காவலரண் இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். யார் செய்த கொலையானாலும் எழுதுங்கள். ஒரு வரி மிகைப்படுத்தினால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். அச்சத்தைவிடக் கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது. 'எங்கட வீட்டுக்கு நடந்தது பெரிசில்லை, மற்றவைக்கு இதைவிட மோசம்' என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுகிறார்கள். அந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இளையவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியே நல்ல ஒலிப்பதிவுக் கருவி. அம்மம்மாவோ அப்பப்பாவோ பேசும்போது குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், ஆங்கிலத்துக்கு மாற்றிச் சுருக்காதீர்கள். அவர்கள் பேசும் பேச்சிலேயே இருக்கட்டும். பிறகு எழுத்தில் வடித்து, படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டு, கீழே தேதி போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். 2005 முதல் ஈழத்து எழுத்துகளை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகம் அதோடு சேர்ந்து தமிழ் ஆவணங்களைப் பேணுகிறது. இங்கிருந்து காரில் அரைமணி நேரம். எந்தக் காப்பகத்தில் கொடுத்தாலும், உயிரோடிருக்கும்வரை பெயரை வெளியிட வேண்டாம் என்று நிபந்தனை எழுதிக் கொடுக்கலாம். லண்டன் விசாரணைக்குப் போகக்கூடிய விடயமாக இருந்தால், முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பத்தாங் காலியின் 67 ஆண்டை மறுபடி சொல்கிறேன். 1985-ல் பிரமந்தனாற்றில் 20 வயதாக இருந்தவர் இன்று 60-ஐத் தாண்டிவிட்டார். அன்று 40 வயதாக இருந்தவர்களில் எத்தனை பேரை நாங்கள் இந்த ஊரின் மயானங்களுக்கு அனுப்பிவிட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். 656-வது அணிக்கு அதன் வரலாறு இருக்கிறது. அதை அவர்கள் நன்றாகவே காத்து வைத்திருக்கிறார்கள். ஹெலிக்குக் கீழே இருந்தவர்களின் வரலாற்றை வேறு யாரும் எழுதித் தரப் போவதில்லை.

ஆகவே இந்த அவையிடம் எனது வேண்டுகோள் இது. வீட்டுக்குப் போனதும் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்து ஹெலியிலிருந்து வந்த சூட்டிலோ குண்டிலோ இறந்த ஒருவரின் முழுப்பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், நாள் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். மிச்சத்தை அடுத்த பக்கத்திலிருந்து எழுதலாம்.